திருடப்போன வீட்டைப் பற்றி

ரசிகர்கள் கட்டிய லெவல் ஒன்றை இறக்கிக்கொண்டால் கூடவே ஒரு சின்ன எழுத்துக்கோப்பும் வரும். லெவலின் பெயர், கட்டியவரின் புனைபெயர், கதை இரண்டு பத்தி, கடினநிலைகள் உண்டா இல்லையா என்ற தகவல். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் நின்று படிக்காத இடத்தில், கட்டிய காலம் என்று ஒரு வரி இருக்கும். ஒன்பது மாதம் என்று போட்டிருப்பார்கள். மூன்று வருஷம், விட்டு விட்டு, என்று போட்டிருப்பார்கள். ஞாபகம் இல்லை என்று போட்டவரும் உண்டு. நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். பார்க்கக் கூடாது. ஒரு நாவலை எழுத எத்தனை வருஷம் பிடித்தது என்பது வாசகனுக்குச் சம்பந்தமில்லாத சேதி என்று பத்துப் பேரிடமாவது வாதாடியிருக்கிறேன். இருந்தாலும் கண் அங்கேதான் போகிறது. மூன்று வருஷம் கட்டிய வீட்டை ஒரே ராத்திரியில் கொள்ளையடித்துவிட்டு, காலையில் காப்பி குடித்துக்கொண்டே அதைப் பற்றி நானூறு வார்த்தை எழுதப்போகிறேன். அந்த ஏற்றத்தாழ்வு உறுத்துகிறது. அது உறுத்தாத நாளில் மதிப்புரை எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்வது 'தீஃப்' என்ற கணினி ஆட்டத்தை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் 1998-ன் கடைசியில் 'தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட்' என்ற ஆட்டத்தை முடித்துக் கொண்டுவந்தது. ஆடுகிறவன் கண் வழியாகவே எல்லாம் தெரிகிற ஆட்டம் என்றால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது என்று ஆகிப்போயிருந்த காலம். இதில் காரெட் என்று ஒரு திருடன். இடுப்பில் வாள் இருக்கிறது, ஆனால் இரண்டு காவலாளிகள் சேர்ந்து வந்தால் ஆள் காலி. ஆகவே இருட்டில் நிற்கப் பழக வேண்டும். திரையின் அடியில் ஒரு சின்ன ரத்தினக்கல். வெளிச்சத்துக்கு வந்தால் அது பளிச்சிடும், நிழலுக்குள் போனால் மங்கி அணையும். தண்ணீர் அம்பு விட்டால் தீப்பந்தம் அணையும். பாசி அம்பு தரையில் பாசியைப் பரப்பிக் காலடிச் சத்தத்தை விழுங்கும். கயிற்று அம்பு மரத்தில் பதியும், கல்லில் பட்டால் தெறித்துவிடும். கடினநிலையைக் கூட்டினால் புதிய நிபந்தனைகள் வந்து சேரும். இன்னும் அதிகமாகத் திருட வேண்டும், ஒருவரையும் கொல்லக் கூடாது. திருடனுக்கு ஒழுக்கம் கற்றுத்தருகிற கடினநிலை என்று நண்பர் ஒருவர் கேலி செய்வார்.

1999-ல் மூன்று புதிய லெவல்களோடு 'தீஃப் கோல்டு' வந்தது. அந்தக் குறுந்தட்டிலேயே நிறுவனத்தார் தாங்கள் லெவல் கட்டப் பயன்படுத்திய கருவியையும் போட்டுக்கொடுத்தார்கள். அதன் பெயர் டிரோமெட். 2000 மார்ச்சில் 'தீஃப் 2: த மெட்டல் ஏஜ்'. அதே வருஷம் மே 24-ம் தேதி நிறுவனம் மூடப்பட்டது. ஆட்டத்தைக் கட்டியவர்கள் வேறு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். ஆடியவர்கள் போகவில்லை. நிறுவனம் செத்த பிறகும் கருவி அவர்கள் கையில் இருந்தது. 2005-ல் ரசிகர்களே 13 லெவல் கொண்ட 'டி2எக்ஸ்' என்ற தொடரை முடித்து வெளியிட்டார்கள். இன்னொரு கூட்டம் 'டூம் 3' என்ற வேறோர் ஆட்டத்தின் இன்ஜினை எடுத்து 2009-ல் 'த டார்க் மாட்' என்று தனி ஆட்டமே செய்து, 2013-ல் அதை 'டூம் 3' தேவையில்லாமலே இயங்க வைத்தது. 2012-ல் பெயர் சொல்லாத யாரோ ஒருவர் தீஃபின் பழைய இன்ஜினுக்குப் புதிய உயிர் கொடுக்கிற திருத்தம் ஒன்றை வெளியிட்டார். 2023 நவம்பர் 30-ல், முதல் ஆட்டம் வந்து 25 வருஷம் ஆன நாளில், ஏழு வருஷ உழைப்பில் பத்து லெவல்களோடு 'த பிளாக் பரேட்' வந்தது. மொத்தத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட லெவல்கள். எல்லாம் இலவசம். விற்கவும் முடியாது, அடுத்தவன் சொத்தின் மேல் கட்டிய வீடு.

இந்த இதழை வாசிக்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கைக்காசு போட்டு முந்நூறு பிரதி அச்சடித்து, அதில் நூறைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்திருக்கிறவர்களுக்கு, ஒருவர் ஏன் மூன்று வருஷம் ராத்திரி கண்விழித்து யாரோ இருநூறு பேர் ஆடுவதற்காக ஒரு கற்பனை மாளிகைக்குத் தரைக்கல் பதிக்கிறார் என்பது புரியும். புரியாதவர்கள் இதற்குள் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள்.

டிரோமெட்டைத் திறந்து பார்த்தவர்கள் முதலில் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. வேறு பல கருவிகளில் வெட்டவெளி இருக்கும். அதில் சுவர் எழுப்புவோம், கூரை போடுவோம். டிரோமெட்டின் உலகம் தொடக்கத்தில் முழுக்கத் திடமானது. எந்தப் பக்கமும் முடிவில்லாத ஒரே பாறை. அதில் காற்றைக் குடைந்துகொண்டு போக வேண்டும். அறை என்பது குடைந்தெடுத்த காற்று. அந்தக் காற்றுக்குள் மறுபடியும் திடத்தை வைத்தால் அது தூண். எதை முதலில் குடைந்தோம், எதைப் பிறகு வைத்தோம் என்ற வரிசை மாறினால் தூண் காணாமல் போகும், அல்லது அறை மூடிக்கொள்ளும். குடைவரைக் கோயில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அங்கேயும் தூணைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை, தூணைச் சுற்றியிருந்ததை வெளியேற்றினார்கள். ஒரு வித்தியாசம், இங்கே தப்பு வெட்டு விழுந்தால் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். அதனால்தான் மூன்று வருஷம் ஆகிறது.

மதிப்புரை எழுத ஆரம்பித்த காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதிய பாராட்டுகளும் தெரியாமல் எழுதிய திட்டுகளும் ஏராளம். ஒரு நகர லெவலின் தெருக்கள் பத்தடிக்கு ஒருதரம் வளைந்து திரும்பின. பழைய ஊர்களின் உயிர்ப்பைப் பிடித்துவிட்டார் என்று உருகி எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, பழைய இன்ஜினால் ஒரே பார்வையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பரப்புகளைத் தாங்க முடியாது. நீளமான தெருவைக் கட்டி ஒரு முனையில் நின்று பார்த்தால் ஆட்டம் கவிழ்ந்துவிடும். ஆகவே கட்டுகிறவர்கள் எல்லாரும் தெருவை வளைத்தார்கள், நடுவில் ஒரு வளைவு வாசல் வைத்தார்கள், பார்வையை அடைத்தார்கள். 2012-ன் திருத்தத்துக்குப் பிறகு அந்த வரம்பு தளர்ந்தது. அகலமான சதுக்கங்களும் கூரைக்கு மேல் கூரையாக நீளும் நகரங்களும் வந்தன. அவற்றில் சில பிரமாதம். சிலவற்றில் நடந்துகொண்டே இருக்கலாம், ஒளிய இடம்தான் இருக்காது. என் பாராட்டைத் திரும்பப் பெற வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெண்பாவின் தளையைப் பார்த்து, தளை தட்டக் கூடாது என்பதற்காகத்தானே இந்தச் சொல்லைப் போட்டாய் என்று புலவனைக் கேட்பதில்லை.

சத்தம்தான் உண்மையான விஷயம். தீஃப் ஆட்டத்தை வெளிச்சத்தின் ஆட்டம் என்று சொல்வார்கள். ஆடியவர்களுக்குத் தெரியும், அது காதின் ஆட்டம். உலோகத் தளத்தில் நடந்தால் ஊரே எழும். பளிங்கும் ஓடும் கொஞ்சம் குறைவு. மரம் முனகும். கம்பளமும் புல்லும் காப்பாற்றும். கம்பளம் முடிந்து கல் தொடங்குகிற அந்த அரையடியில், கீழே பார்த்துக்கொண்டு, காலை வைக்கலாமா வேண்டாமா என்று நிற்பதுதான் இந்த ஆட்டத்தின் மையம். எதிர்ப்பக்கம் காவலாளி ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவான். மெட்டு நெருங்குகிறதா விலகுகிறதா என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

இந்தச் சத்தம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தானாகப் போகாது. குடைந்த காற்றின் மேல், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடுக்கைக் கட்டுகிறவர் போர்த்த வேண்டும். இது ஓர் அறை, இது அதை ஒட்டிய கூடம், இந்தக் கதவு வழியாகத்தான் சத்தம் போகும், மூடியிருந்தால் இவ்வளவு குறையும் என்று பெட்டி பெட்டியாக. ஆடுகிறவன் கண்ணுக்கு அது ஒருபோதும் படாது. ஒரு பெட்டி விட்டுப்போனால் அந்த மூலையில் நிற்கிற காவலாளி செவிடு. அவன் முதுகுக்குப் பின்னால் உலோகத் தகட்டில் குதித்தாலும் திரும்ப மாட்டான். சில லெவல்களில் நேர்மாறாக, மூன்று சுவருக்கு அப்பால் இருப்பவன் காதோரத்தில் இருமுவான். பார்த்தால் எந்தக் குறையும் இல்லாத வீடு, கண்ணை மூடினால் பொய் சொல்லும். நல்ல மதிப்புரையாளன் இந்த இடத்தில்தான் பிரயோஜனப்படுகிறான். 'நூலகத்துக் காவலாளிக்குக் காது கேட்கவில்லை, கிழக்கு மூலை' என்ற ஒரு வரி, 'அற்புதமான சூழல், ஒன்பது மதிப்பெண்' என்பதைவிட எத்தனையோ மேல். ஆனால் எல்லாரும் எழுதுவது ஒன்பது மதிப்பெண்ணைத்தான். நானும் நெடுங்காலம் மதிப்பெண் போட்டேன். புத்தகத்துக்குப் போடக் கூசுகிற மதிப்பெண்ணை வீட்டுக்குப் போட எப்படிக் கை வந்தது என்று தெரியவில்லை.

சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன், கோவலனைப் பார்த்து இவன் திருடன் போல் இல்லையே என்று தயங்கும் காவலர்களுக்குத் திருட்டுக் கலையைப் பற்றி ஒரு வகுப்பே எடுப்பான். திருடனுக்குத் துணை எட்டு என்று மந்திரத்தில் தொடங்கி அடுக்குவான். அதில் கடைசி மூன்று இடம், காலம், கருவி. எங்கள் தொழிலுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் பார்த்ததில்லை. இடம் வீட்டின் அமைப்பு. காலம் காவலாளியின் நடை. கருவி, தொடக்கத்தில் கட்டியவர் கையில் தருகிற அம்புகள். இந்தப் பட்டியலைச் சொல்கிறவன்தான் உண்மையில் சிலம்பைத் திருடியவன் என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளே போய் வந்தவன் மட்டுமே இதை எழுத முடியும்.

கருவி விஷயத்தில் கட்டுகிறவரின் மனசு தெரிந்துவிடும். கயிற்று அம்பு இரண்டு கொடுத்துவிட்டு வீட்டில் எங்கும் மர உத்தரமே வைக்காதவர்கள் உண்டு. தீப்பந்தத்துக்குப் பதில் மின்விளக்கு மாட்டியவர்கள் உண்டு. தண்ணீர் அம்பால் அதை அணைக்க முடியாது, சுவரில் சுவிட்சைத் தேட வேண்டும். அது தப்பில்லை, கஞ்சத்தனம் ஒரு பாணி. ஆனால் கைக்கு அடங்காத சின்ன சுவிட்சைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் புதைத்துவைத்து, அது கிடைக்காமல் லெவலே முடியாது என்று ஆக்குகிறார்களே, அதை மன்னிக்க முடியவில்லை. சாவி வேட்டை என்பது இந்தத் துறையின் வியாதி. ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் ஒரே சமையலறையைச் சுற்றியிருக்கிறேன். காவலாளிகள் எல்லாரையும் படுக்கவைத்தாகிவிட்டது, விளக்கெல்லாம் எரிகிறது, வீடு என்னுடையது. திருடனாக வந்தவன் தொலைத்த சாமானைத் தேடுகிற வீட்டுக்காரனாக ஆகிவிட்டேன்.

காலம்தான் கஷ்டமானது. காவலாளியின் நடையைத் தரையில் புள்ளிகளாகப் பதித்து, ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். அவன் புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போவான். சோம்பேறித்தனமாகச் செய்தால் ஆள் கடிகார முள் மாதிரி சுற்றுவான். மனசு வைத்துச் செய்தால் ஒரு ஜன்னல் பக்கத்தில் நிற்பான். ஏன் நிற்கிறான் என்று அவன் போன பிறகு நாமும் போய்ப் பார்ப்போம். வெளியே மழை. அவ்வளவுதான். அந்தப் பத்து விநாடிக்கு ஆட்டத்தில் எந்தப் பயனும் இல்லை, உண்மையில் நமக்கு வசதிதான், முதுகு காட்டுகிறான். ஆனால் அதற்கப்புறம் அவன் தலையில் அடிக்க முன்னைப்போல் கை வராது.

இதையெல்லாம் எழுதும்போது எங்கே இருக்கிறது என்று சொல்லக் கூடாது. இதுதான் சங்கடம். நாவலில் கொலைகாரன் பெயரை மட்டும் மறைத்தால் போதும். இங்கே ஒவ்வொரு கதவும் ரகசியம். ரகசிய வழியைப் பாராட்ட வேண்டும் என்றால் ரகசிய வழி இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும், சொன்னால் பாதி போயிற்று. எனவே சுற்றிச் சுற்றி எழுதுவோம்: நீச்சல் பழகுங்கள், கூரையையும் மறக்க வேண்டாம், என்று. ஆடியவர்களுக்கு மட்டும் புரிகிற சங்கேத உரைநடை ஒன்று இப்படி உருவாகியிருக்கிறது. நம்மூர் விமரிசனத்திலும் அது உண்டு, காரணம் வேறு.

ஆடுபவர்களில் ஒரு சாதி உண்டு. யாரையும் அடிக்க மாட்டார்கள், விளக்கை அணைக்க மாட்டார்கள், திறந்த கதவை மூடி, பூட்டியிருந்ததைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் நகர்வார்கள். பேய்நடை என்று நான் சொல்லிக்கொள்வேன். ஒரு காவலாளியும் ஒரு தடவைகூட யாரது என்று கேட்டிருக்கக் கூடாது. திருடனுக்கு அதைவிடப் பெரிய பெருமை இல்லை. கட்டியவருக்கோ யாராவது வந்துபோனது தெரிந்தாக வேண்டும். எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கை வேண்டுமானால் தெரியும். மாடிப்படிக்குக் கீழே அவர் ஒரு வாரம் உட்கார்ந்து வைத்த நிழலில் யாராவது நின்றார்களா என்று எந்த எண்ணிக்கையும் சொல்லாது. மதிப்புரைதான் சொல்ல வேண்டும். சேற்றுக்காலோடு நடந்து வந்த திருடன் எழுதுகிற வாக்குமூலம்.

அப்படி நான் ஒழுங்காக நடக்காத வீடு ஒன்று. பெயர் வேண்டாம். மழையில் நனைகிற மாளிகை, மூன்று மாடி, கொல்லையில் குதிரைலாயம். கட்டியவருக்கு அது முதல் லெவல். கட்டிய காலம் பதினான்கு மாதம் என்று போட்டிருந்தது. கீழ்த்தளம் சுமார். நிலவறைச் சாவி கண்ணுக்கே தெரியாத இருட்டில் கிடந்தது, அதைக் கடுமையாகவே எழுதினேன். கூடவே இன்னொரு வாக்கியமும் எழுதினேன்: மேல்மாடி வேலைக்காரர் அறை வீண், ஒரு காசுகூட இல்லை, லெவலை இழுக்கச் சேர்த்தது போலிருக்கிறது. எழுதி அனுப்பிவிட்டு மறந்துபோனேன்.

ஏதோ கணக்கைச் சரிபார்க்க ஒரு மாதம் கழித்து மறுபடியும் உள்ளே போனேன். அவசரம் இல்லாததால் சமையலறைக் குறிப்பை முழுக்கப் படித்தேன். குளிர்காலத்திலிருந்து ஒரு கை குறைகிறது, அம்மா இன்னும் வேறு ஆளை வைத்த பாடில்லை என்று சமையல்காரி யாருக்கோ எழுதி முடிக்காமல் விட்ட கடிதம். முதல் தடவை இதைப் பார்த்திருக்கிறேன். பணத்தைப் பற்றியோ சாவியைப் பற்றியோ இல்லை என்று தெரிந்ததும் மூடியிருக்கிறேன். மேல்மாடிக்குப் போனேன். இரண்டு கட்டில். ஒன்றில் போர்வை கசங்கிக் கிடந்தது. இன்னொன்றில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் ஆணி, ஆணியில் ஒரு முன்றானைத்துணி அப்படியே தொங்கியது. ஜன்னல் உயரம், அதன் அடியில் ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி. ஏறிப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து வெளிக்கதவு மட்டும் தெரிந்தது, வேறெதுவும் தெரியாத கோணத்தில் சுவர் வெட்டப்பட்டிருந்தது. அந்த அறைக்கு விளக்கு இல்லை. படிக்கட்டில் இருக்கிற ஒரே மெழுகுவர்த்தியின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாகக் கசங்கிய கட்டிலின் மேல் மட்டும் விழுந்தது. அப்படி விழ வைக்க எத்தனை தடவை வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பார்த்திருப்பார் என்று எனக்கு அப்போது ஓரளவு தெரியும்.

திருத்தி எழுத வேண்டும் என்று இரண்டு மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் திருத்திய பதிப்பு வந்துவிட்டது. மாற்றங்களின் பட்டியல் இருந்தது: நிலவறைச் சாவி இடம் மாற்றப்பட்டது, லாயத்துக் காவலாளி இனிமேல் சுவரில் சிக்க மாட்டான், இரண்டு எழுத்துப்பிழைகள். மேல்மாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போய்ப் பார்த்தேன். கட்டில்கள், ஆணி, துணி, மரப்பெட்டி, எல்லாம் இருந்தபடியே. ஜன்னல் விளிம்பில் மட்டும் ஒரு காசு வைக்கப்பட்டிருந்தது. கிட்டே போனதும் ஒளிர்ந்தது. இந்தா எடுத்துக்கொள் என்று எரிச்சலில் வைத்ததா, நான் கேட்டேன் என்று அப்பாவியாக வைத்ததா, இரண்டும் இல்லாமல் அந்த அறைக்காரி வைத்துவிட்டுப் போனதாக நினைத்து வைத்ததா, இன்றுவரை கேட்கவில்லை. மரப்பெட்டியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி, கதவை மூடிவிட்டு வந்தேன். லெவல் முடிந்ததும் கணக்கு வந்தது. கொள்ளைப் பொருள்: 1,847-ல் 1,846.